முதலில் ஒழுக்கைக் கண்டுபிடி, பிள்ளை

ஸ்காபரோ
தை மாதம்

அன்பு மகளுக்கு,

நேற்று நீ எடுத்தபோது இங்கே இரவு பதினொன்று தாண்டிவிட்டது. அம்மா படுத்துவிட்டா. நீ குடியிருக்கும் ட்ரெய்லர் வண்டிவீட்டில் சோபாவுக்குப் பின்மூலை ஈரமாக இருக்கிறது, ஒரு பூஞ்சண மணம் வருகிறது, நாளைக்கே ஒரு ரியூப் சிலிக்கோன் பசை வாங்கி, வெளியே தள்ளி நிற்கும் அந்த ஸ்லைட் அறையைச் சுற்றிவரப் பூசிவிடப் போகிறேன் என்றாய். பூசாதே, பிள்ளை. போனில் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வேலை முடித்து வந்த களைப்பு உன் குரலில் தெரிந்தது. மிச்சத்தை எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

வன்கூவர் தீவின் மேற்குக் கரையில் நீ இருக்கும் யுக்ளூலெட் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ரொறன்ரோவில் பெய்வது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ட்ரெய்லர் எங்களிடம் இருந்த காலம் முழுக்கக் கோடையில் இரண்டு கிழமை காட்டுக்குப் போய்விட்டு மிச்ச நாள் மூடிக்கட்டிக் கிடந்தது. இப்போது முதல்தடவையாக ஒரு மாரிகாலம் முழுதும் ஸ்லைட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒழுகினால் அதிசயமில்லை, நீ ஏதும் பிழை செய்துவிட்டதாக நினைக்காதே.

ஸ்லைட் என்பது மேசை லாச்சி மாதிரி. சுவரில் பெரிய ஓட்டை ஒன்று வெட்டி, அதற்குள் ஒரு அறையை லாச்சியாக வைத்திருக்கிறார்கள். லாச்சி ஓட வேண்டுமானால் சுற்றிவர இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியைக் காப்பது இறப்பர் மட்டும்தான். ஒன்று நாக்கு மாதிரி நீண்டு பெட்டியைத் துடைத்துக்கொண்டு நிற்கும், அது வைப்பர் சீல். மற்றது குழாய் மாதிரி உள்ளே வெறுமையானது, நெருங்கும்போது நசிந்து அடைக்கும், அது பல்ப் சீல். இரண்டும் சந்திக்கும் மேல்மூலைகளில்தான் அடைப்பு மிகவும் பலவீனம். ஆனால் உன் ஒழுக்கும் அங்கேதான் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டாம்.

ஊரில் எங்கள் குசினி கிடுகு வேய்ந்தது. மழைக்குச் சொட்டத் தொடங்கினால் அப்பம்மா சட்டியைக் கொண்டுவந்து வைப்பா. அப்பப்பா சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பார்க்கவே மாட்டார். கைமரத்தில் கையை வைத்து, ஈரம் போகிற வழியே முகட்டுப் பக்கமாகத் தடவிக்கொண்டு போவார். சில நேரம் நாலைந்து முழம் தள்ளித்தான் பழுதான கிடுகு இருக்கும். ட்ரெய்லரிலும் தண்ணீர் அப்படித்தான் நடந்து வருகிறது. கூரை விளிம்பால் புகுந்து, சுவருக்குள் சட்டத்தைப் பிடித்து இறங்கி, தரையின் கீழால் ஓடி, உன் சோபா மூலையில் வெளியே தலைகாட்டும்.

இதை நான் படித்துக்கொண்ட விதம் உனக்கு நினைவிருக்கும். 2016 ஆவணியில் பொன் எக்கோ பூங்காவில் மூன்று நாள் மழை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே தண்ணீர். திரும்பி வந்ததும் ஒரு திருத்துமிடத்தில் விட்டோம். அவர்கள் வெளியே வெள்ளைச் சிலிக்கோனைத் தடிப்பாகப் பூசிக் காசு வாங்கினார்கள். அடுத்த வருடம் அதற்கு மேல் நானும் பூசினேன். 2018 சித்திரையில் தரை காலுக்குக் கீழே அமுங்கியது. வீட்டு வாசலில் நிறுத்தி, சுவர் மூலையை மூடியிருக்கும் பட்டியைக் கழற்றினோம். நீதான் டோர்ச் பிடித்தாய். திருகாணிகள் நடுவில் கறள் தின்று தீக்குச்சி மொத்தத்துக்கு வந்திருந்தன. பின்னால் இருந்த பலகையைத் திருப்புளியால் தொட்டேன், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் மாதிரி உள்ளே போய்விட்டது. சிலிக்கோன் அதற்கு மேல் பளபளவென்று நல்லபடி இருந்தது. தண்ணீர் புகுந்த வழி அடைபடவில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியே வர இருந்த இடுக்குத்தான் அடைபட்டது. அதைச் சுரண்டி எடுக்க இரண்டு சனிக்கிழமை போனது. சிலிக்கோன் ஒருதடவை ஏறிய இடத்தில் வேறு எதுவும் சரியாக ஒட்டாது, புதுச் சிலிக்கோனும் ஒட்டாது. அதனால்தான் நேற்று அவ்வளவு அவசரமாகப் பூசாதே என்றேன்.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் அது மழைத் தண்ணீர்தானா என்று பார். குழாய் எல்லாம் பூட்டியிருக்கும்போது தண்ணீர்ப் பம்ப் இடைக்கிடை ஒரு வினாடி உறுமினால் ஒழுகுவது உள்ளே ஓடும் பைப். மழை இல்லாத குளிர்நாளிலும் மூலை நனைந்தால், யன்னல் கண்ணாடியும் வியர்த்திருந்தால், அது உன் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிவது. காஸ் எரிந்தாலும் நீராவி வரும். சமைக்கும்போது கூரை விசிறியைப் போட்டு ஒரு யன்னலைக் கொஞ்சம் திறந்து விடு. சோபாவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை.

மழைதான் என்றால் அந்த மழையையே வேலைக்கு வை. கிச்சின் கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஸ்லைட்டின் உள்விளிம்பு நீளத்துக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று ஒட்டிவிடு. ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் போடு. வேலையால் வந்து எது முதலில் நனைந்தது என்று பார்த்து எழுதி வை. இரண்டு மூன்று மழைக்குப் பிறகு எனக்குச் சொல். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுது, சில ஒழுக்கு தென்கிழக்குக் காற்றுக்கு மட்டும் வரும்.

மழை விட்ட நாள் ஒன்று கிடைத்தால் ஹோஸ் பைப்பால் சோதிக்கலாம். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலே முதல் அடித்தால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எதால் புகுந்தது என்று சொல்லவே முடியாது. முதலில் கீழ்விளிம்பு, ஐந்து பத்து நிமிடம். உள்ளே யாராவது டோர்ச்சோடு இருக்க வேண்டும், உன் வேலைத் தோழியைக் கூப்பிடு. பிறகு பக்கப் பட்டி, யன்னல், மேல்மூலை, கடைசியாகக் கூரை. மெல்லிய மழை மாதிரி விழ விடு. அழுத்தமாக அடிக்கும் கழுவும் மெஷினைக் கிட்டவும் கொண்டுபோகாதே, அது நல்ல சீலையும் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும்.

அதற்கு முன் சும்மா கண்ணால் பார்க்க நிறைய இருக்கிறது. இரவில் உள்ளே எல்லா லைட்டையும் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுற்றிப் பார். கோடாக வெளிச்சம் கசிந்தால் இறப்பர் அங்கே படவில்லை. வைப்பர் நாக்கு எங்காவது உள்ளே மடிந்து கிடக்கிறதா? கிடந்தால் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் மெல்ல வெளியே எடுத்துவிடு. சில ஒழுக்கு அத்தோடு நின்றுவிடும். யன்னல் சட்டத்தின் கீழே வெளிப்பக்கத்தில் சிறு ஓட்டைகள் இருக்கும், தண்ணீர் வடிவதற்கு. அங்கே ஊசியிலைகளும் பாசியும் அடைத்தால் சட்டம் நிரம்பி உள்ளே வழியும். பல்லுக்குச்சியால் குத்தி எடு. பிறகு பீலி. கூரைப் பீலியின் நுனி நேரே ஸ்லைட்டின் மேல்மூலையில் ஊற்றுகிறதா என்று மழைக்குள் நின்று பார். ஊற்றினால் ஒரு நீட்டுக் குழாய் மாட்டி அப்பால் விழப் பண்ணு. கடைசியாக ஸ்லைட்டின் அடிப்பக்கம். அங்கே கறுப்புப் பிளாஸ்டிக் துணி சுற்றியிருக்கும். ஸ்லைட் ஓடும் உருளை உரசி அது கிழிந்தால், சுவரால் வழியும் தண்ணீர் அடியில் வளைந்து பலகை விளிம்பைப் பிடிக்கும். விரலால் அழுத்திப் பார். நான் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

ஒன்றைக் கட்டாயம் கேள். ஸ்லைட்டின் கூரைமேல் ஏறாதே. அது ஆளைத் தாங்கச் செய்ததல்ல. ஏணியையும் ஸ்லைட்டில் சாத்தாதே, தன் காலில் நிற்கும் ஏணி வாங்கு. மழையில் ஏறவே வேண்டாம்.

இடம் தெரிந்த பிறகு திருத்துவது அவ்வளவு கடினமில்லை. பட்டி ஒழுகினால் நடுவில் உள்ள பிளாஸ்டிக் கீற்றை இழுத்தெடுத்து, திருகாணிகளைக் கழற்றி, பட்டியை எடுத்து, பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடு. மருந்து ஸ்பிரிட்டால் துடை. துணி சுத்தமாக வரும்வரை துடை, பாதி வேலை இதுதான். பிறகு பசை மாதிரி ஒட்டும் பியூட்டைல் இறப்பர் நாடாவை ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் இறுக்கு. நாடா விளிம்பால் பிதுங்கினால்தான் சரி, பிதுங்கியதை அடுத்த நாள் சீவி எடுக்கலாம். கூரையின் தட்டையான இடத்துக்குத் தானாகப் பரவும் டைகோர் அடைப்புப் பசை, நிற்கும் சுவருக்கு அதில் வழியாத வகை. மாறிப் பூசினால் சுவரில் ஒழுகிக்கொண்டு நிற்கும். மேற்பரப்பு காய்ந்து, பத்துப் பாகைக்கு மேல் சூடு உள்ள நாளாகப் பார்த்துச் செய். கருவாட்டை மட்டுமா வெயில் பார்த்துக் காயவைப்பது என்று அம்மா பக்கத்திலிருந்து சொல்கிறா.

இறப்பருக்கு எண்ணெய் வகை எதுவும் வேண்டாம். பெற்றோலிய எண்ணெய் பட்டால் அந்த இறப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். சீலுக்கென்றே விற்கும் தெளிப்பானை வருடத்தில் இரண்டு மூன்று தரம் துடைத்துப் பூசினால் போதும். வெடித்துப்போன சீல் என்றால் மாற்றத்தான் வேண்டும். அளவெடுக்க ஒரு துண்டை வெட்டிப் படம் பிடித்து அனுப்பு, நான் இங்கே தேடுகிறேன்.

அதுவரை ட்ரெய்லரின் ஸ்லைட் பக்கத்தை அரை அங்குலம் தாழ்த்தி வை, தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடும். அதற்கு மேல் சரிக்காதே, காஸில் ஓடும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கூடாது. தாழ்த்தும் முன் ஸ்லைட்டை உள்ளே எடு. உள்ளே எடுக்கும் முன் தும்புத்தடியால் அதன் கூரையிலுள்ள தண்ணீரையும் இலைகளையும் தள்ளிவிடு. இல்லாவிட்டால் அவ்வளவும் உன் மெத்தைக்குத்தான் வரும்.

நனைந்த இடத்தைக் காயவைக்காமல் எதையும் மூடாதே. ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கு, காசு அனுப்பியிருக்கிறேன். கம்பளத்தைத் தூக்கி அடியில் விசிறி வை. பூஞ்சணத்தைத் துடைக்கும்போது மாஸ்க் போடு. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் சொல்கிற நீ வீட்டில் போடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் உனக்கு இழுப்பு வந்த இரவுகள் இன்னும் எனக்குள் இருக்கின்றன. மணம் கூடினால், இரண்டு கிழமைக்கு ஓர் அறை வாடகைக்கு எடு. காசைப் பற்றி யோசிக்காதே.

2018இல் வாங்கிய ஈரமானியைத் தம்பி கராஜில் தேடி எடுத்துவிட்டான். இரண்டு ஊசி உள்ள அந்த மஞ்சள் பெட்டி. திங்கள் தபாலில் போடுகிறேன். காய்ந்திருக்கும் சுவரில் முதல் குத்தி எண்ணைக் குறித்துக்கொள், பிறகு மூலையில் குத்திப் பார், ஒரு சாணுக்கு ஒரு தடவை, மேல்நோக்கி.

பங்குனியில் எனக்குப் பத்து நாள் லீவு கிடைக்கும். டிக்கெட் பார்த்திருக்கிறேன். கடதாசி இலக்கங்களை அதுவரை எழுதி வை.

அப்பா