60 டிகிரி வீராப்பு

அன்பு நண்பா,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான். வீட்டைச் சூடாக்க நீ விறகில் தண்ணீர் காய்ச்சும் பாய்லர் வாங்கி வீட்டுக்கு வெளியே வைக்கப் போகிறாய் என்று தம்பி சொன்னான். பதறிப்போய் எழுதுகிறேன், ஏனென்றால் நீயும் என்னைப் போலக் கஞ்சன்.

போன குளிர்காலத்தில் பாய்லரை 60 டிகிரியில் வைத்தேன். பொருத்தியவர் 80-க்கு மேல் வைக்கச் சொல்லியிருந்தார். வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்கு 40 டிகிரியே போதுமே, அதற்கு ஏன் இவ்வளவு விறகைக் கொட்ட வேண்டும் என்று நானே கணக்குப் போட்டேன். நம் கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும்.

ஆறே வாரத்தில் கதவின் விளிம்பில் கறுப்பாகத் தார் வழிந்தது. விறகும் மிச்சமாகவில்லை. வீட்டைச் சுற்றிச் சூட்டை இறக்கிவிட்டுத் தண்ணீர் 45 டிகிரியில் பாய்லருக்குத் திரும்புகிறது. அந்தத் தண்ணீரால் குளிர்ந்த பாய்லர் இரும்பில் புகை பட்டதும் அதிலுள்ள ஈரம் வியர்த்து, தாரும் அமிலமுமாக உள்சுவரை அரிக்கிறது. திரும்பி வரும் தண்ணீரே 60-க்குக் கீழே போகக் கூடாதாம். நானோ புறப்படுகிற தண்ணீரையே 60-ல் வைத்திருந்தேன்!

இப்போது 82-ல் தீக்குக் காற்று ஊதும் விசிறி நிற்கும், 74-க்கு இறங்கினால் மறுபடி ஓடும். இந்த இடைவெளியிலும் ஒரு தடவை சறுக்கினேன். முதலில் 3 டிகிரிதான் விட்டேன். தீ நன்றாகப் பிடிப்பதற்குள் காற்று நின்றுவிடும். நாள் முழுக்கப் புகை. என் பாய்லர் தொட்டியின் 1000 லிட்டர் 3 டிகிரி ஏற, கரண்ட் கணக்கில் சொன்னால், மூன்றரை யூனிட் சூடு போதும், 8 டிகிரிக்கு ஒன்பது யூனிட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு நேரம் எரிந்தால்தான் அது தீ, இல்லாவிட்டால் வெறும் புகைச்சல்.

அதற்காக 95-க்கு ஏற்றிவிடாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும். இந்தத் தொட்டியில் அழுத்தம் கிடையாது. விசிறி நின்ற பிறகும் கனல் இன்னும் சில டிகிரி ஏற்றிவிடும். நீ இருக்கும் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதிக்கும். கொதித்தால் ஆவியாகித் தண்ணீர் குறையும், மீதி வேடிக்கையை நீயே பார்ப்பாய்.

இனிமேல் சொல்வதைக் கேலி பண்ணாமல் படி. 82-க்கு ஏற்றிய மறுநாள் அம்மா குளியலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். குளிக்கும் தண்ணீரும் அந்தச் சூட்டில்தான் காய்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கை சிவந்து, இரண்டு நாள் கொப்புளம். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை. 60 டிகிரி தண்ணீரே சில நொடியில் தோலைச் சுட்டுவிடும். அன்றே பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு போட்டு, குழாய்க்கு வரும் தண்ணீரை 48-ல் நிறுத்தினேன். குளிக்கும் தண்ணீரின் சேமிப்புத் தொட்டியில் மட்டும் 60 இருக்கட்டும், கிருமி வளராது.

ஆக மூன்று வால்வு: குழாய்க்கு ஒன்று, தரைக்குப் போவதை 40-க்குக் குறைக்க ஒன்று, திரும்பும் தண்ணீரை 60-க்குக் கீழே விடாமலிருக்க ஒன்று. மூன்றுக்கும் சேர்த்துப் பணம் இல்லையென்றால் பாய்லரை அடுத்த வருடம் வாங்கு. உன் வீட்டில் பேத்தி தவழ்கிறாள்.

அப்புறம், கோடாலி இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று இந்தத் தடவையும் சாதிக்காதே.

உன் நண்பன்