நாக்கில் இடம் மாறும் சிவப்புத் திட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கல் கழிந்த கையோடு, ஏழு வயதான என் மகளின் நாக்கில் இரண்டு சிவப்புத் திட்டுகள் கண்டன. சுற்றிவர வெள்ளைக் கோடு. மாங்காய், கொச்சிக்காய், அன்னாசி எது பட்டாலும் "எரியுதம்மா" என்று அழுவாள். அம்மம்மா அதைப் பூச்சு என்று நினைத்து வழித்துவிட்டார், எரிச்சல் இன்னும் கூடியது. வகுப்பிலே தொற்று நோய் என்று சொல்லி அவளை ஒரு வாரம் தனி வாங்கில் இருத்தினார்கள். பிள்ளை தண்ணீர்ப் போத்தலை ஒளித்துவைத்துக் குடித்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பல் வைத்தியர் பார்த்ததும், "இது புவியியல் நாக்கு, பயப்பட வேண்டாம்" என்றார். தேசப்படம் போலத் தெரிவதால் அந்தப் பெயராம். நாக்கின் மேலுள்ள நுண்ணிய முளைகள் ஓரிடத்தில் உதிர்ந்து அந்த இடம் வழுவழுப்பாகச் சிவக்கிறது. அங்கே திரும்ப முளைக்கும்போது வேறிடத்தில் உதிர்கிறது. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இப்படி இருக்கிறார்கள். ஒட்டாது, புற்றுநோயாகவும் மாறாது. மருந்தும் தேவையில்லை. எரிகிற நாட்களில் புளிப்பையும் உறைப்பையும் குறைத்தோம், காரமான பற்பசையை மாற்றினோம், நாக்கு வழிப்பானை எடுத்துவைத்தோம். ஞாயிறுதோறும் போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் திட்டு வேறிடத்தில்தான் இருந்தது.

அப்போது வைத்தியர் இன்னொன்றும் சொன்னார்: சிவப்போ வெள்ளையோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

எங்கள் களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். எங்கள் சீவியமும் அதில்தான். என் அம்மா நாற்பது வருடமாக வெற்றிலை போட்டுவந்தவர். வீட்டுக்கு வந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். வெற்றிலையை ஒதுக்கும் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு. மாதக்கணக்காக இருக்கிறதாம், நோவில்லாததால் சொல்லவில்லையாம். பிள்ளையின் நாக்குக்காக ஓடித்திரிந்த நான் அம்மாவின் வாயை ஒரு நாளும் பார்க்கவில்லை.

கிளினிக்கில் அந்தத் திட்டிலிருந்து சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். இன்னும் புற்றுநோயாகவில்லை. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று அங்குதான் அறிந்தோம். அம்மா பாக்கை விட்டுவிட்டார், கிளினிக்குக்கும் தவறாமல் போகிறார்.

உங்கள் சுகாதாரப் பக்கத்தில் இடம் மாறும் திட்டையும் மாறாத திட்டையும் அருகருகே படமாகப் போடுங்கள். ஆசிரியர்களும் பார்க்கட்டும், வெற்றிலை போடும் பெரியவர்களும் பார்க்கட்டும்.

ஒரு தாய்,
களுதாவளை, மட்டக்களப்பு.