ஒழுகும் கூடாரம் என்று பரவும் படம் பற்றியும் புதிய வாடகை பற்றியும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்த கையோடு கடை வாசலில் வண்டியை நிறுத்தி, கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பும் உங்களில் பலரை எங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். எந்தக் குழுவில் யார் சமையல், யாருக்கு எந்த அளவு முதுகுப்பை என்பதுகூட மனப்பாடம். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். அடுத்த மாதம் முதல் வாடகை கொஞ்சம் உயர்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால், சில நாட்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் தங்கிவந்த நண்பர்கள் எடுத்த படம் அது. கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர்த்துளி, ஸ்லீப்பிங் பேக்கின் கால்மாட்டில் ஈரம். கீழே, "ஓட்டைக் கூடாரத்தைக் காசு வாங்கிக்கொண்டு தருகிறார்கள், இரவெல்லாம் ஒழுகியது" என்று எழுதியிருக்கிறது. குளிரில் தூங்காமல் கிடந்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, அவர்கள்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கூடாரம் ஒழுகவில்லை. அன்றிரவு அங்கே மழையே பெய்யவில்லை. தோட்டக்காரரிடம் கேட்டேன், வானம் துளி மேகமில்லாமல் இருந்தது என்றார். அதே குழுவினர் அனுப்பிய இன்னொரு படத்தில் நட்சத்திரங்கள் கொட்டிக்கிடக்கின்றன. காவலூரில் வானாய்வகம் அமைத்திருக்கும் மலை அல்லவா!

மழையில்லாத இரவில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? உள்ளே படுத்திருந்தவர்களின் மூச்சிலிருந்துதான். தூங்கும் மனிதர் ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறக்குறைய கால் லிட்டர் ஈரத்தை வெளியே விடுகிறார். மூன்று பேர் படுத்தால் முக்கால் லிட்டர். வெளியே போக வழியில்லாவிட்டால் அந்த ஈரம் குளிர்ந்த துணியில் போய்ப் படியும். பானைத் தண்ணீர் மொண்ட சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப் போலத்தான் இதுவும். சொம்பில் ஓட்டை என்று யாரும் சொல்வதில்லை. மேகமில்லாத இரவில் இது இன்னும் அதிகம். திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். டிசம்பர், ஜனவரியில் ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் போனவர்களுக்குத் தெரியும், விடியற்காலையில் புல்லெல்லாம் நனைந்திருக்கும். அதே போலத்தான் கூடாரத் துணியிலும் நீர் படிகிறது.

ஒழுகலுக்கும் வேர்வைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒழுகினால் தையல் ஓடும் இடத்தில் நீர் கோடுபோல இறங்கும். இல்லையென்றால் தரைவிரிப்பின் ஒரு மூலையில் தேங்கும். வேர்த்தால் துளிகள் பொடிப்பொடியாக மேல்விரிப்பின், அதாவது கூடாரத்தின் வெளித்துணியின், உட்புறம் முழுக்கப் பரவியிருக்கும், தலைமாட்டுப் பக்கம் கூடுதலாக. பரவிவரும் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இரண்டாவதுதான் தெரியும். கால்மாடு நனைந்தது ஏன் என்றால், உயரமான ஒருவர் கால் நீட்டிப் படுக்கும்போது பை துணிச்சுவரில் முட்டிக்கொண்டு அந்த ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதே கூடாரத்தைக் கடை மொட்டைமாடியில் அடித்து, உள்ளே தரை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து, மேலே அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினோம். தாள் காய்ந்தபடியே இருந்தது. பிறகு கடைப் பையன்கள் இருவரை, காற்றுவழிகளையெல்லாம் மூடிவிட்டு அதிலேயே தூங்கச் சொன்னோம். காலையில் கூரையில் விரலால் கோடு இழுக்கும் அளவுக்கு நீர். எங்களிடம் இருக்கும் மேல்விரிப்புகள் 3,000 மில்லிமீட்டர் தரத்தவை. அதாவது மூன்று மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கக்கூடிய துணி. தையல்களுக்கு உட்புறம் பட்டை ஒட்டியிருக்கிறோம், அது எங்கே உரிகிறது என்று ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் வெளியே கொடுக்கிறோம். இந்த வேலையைக் காசுக்காக மட்டும் நாங்கள் செய்யவில்லை. ஓட்டைக் கூடாரத்தோடு ஒரு குடும்பத்தை மலையில் ஏற்றிவிடுவதைவிடக் கடையைச் சாத்திவிட்டுப் போகலாம். அந்த ஒரு வாக்கியம் அவ்வளவு சுட்டது, அதனால்தான் இத்தனை விளக்கம்.

அடுத்த முறை போகும்போது கூரை உச்சியில் இருக்கும் காற்றுவழிகள் இரண்டையும் திறந்தே வையுங்கள்; குளிருக்குப் பயந்து மூடவேண்டாம், பூச்சிக்கு உள்கூடாரத்தின் வலைத்துணி போதும். மேல்விரிப்பை முளையடித்து நன்றாக இழுத்துக் கட்டுங்கள், தொய்ந்தால் உள்கூடாரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடைக்கரைப் பள்ளத்தில் இறங்காமல் சற்று மேட்டில், முடிந்தால் மரத்தடியில் அடியுங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் வந்து தங்கும். பட்ட கிளையோ காய்ந்த மரமோ மேலே இல்லையே என்று அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஈரத் துணியை உள்ளே தொங்கவிடாதீர்கள். கூடாரத்துக்குள் அடுப்போ கரிக்கனலோ எக்காரணம் கொண்டும் வேண்டாம். இது ஈரத்துக்காக மட்டும் சொல்வதல்ல. மூடிய இடத்தில் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வாசனையே தெரியாமல் உயிரை எடுத்துவிடும்.

இனி வாடகை. இருவர் கூடாரம் ஓர் இரவுக்கு 350 ரூபாயிலிருந்து 450 ஆகிறது, ஸ்லீப்பிங் பேக் 120 லிருந்து 150. பாய், நெற்றி விளக்கு, முதுகுப்பை ஆகியவற்றுக்குப் பழைய வாடகையே. அலுமினியக் கம்பியும் ஜிப்பும் விலை ஏறியது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. கூடாரத் துணியின் நீர்காப்புப் பூச்சு ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மெல்லச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஒரு நாற்றம், கடைசியில் செதில் செதிலாக உரிந்துவிடும். உரிந்தபின் அதற்கு மருந்தில்லை. ஞாயிறு இரவு நனைந்து வரும் கூடாரங்களை நிழலில் விரித்துக் காயவைக்கவும், மண்ணைத் துடைத்து ஜிப் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவும் தனியாக ஓர் ஆளை வைத்திருக்கிறோம். முன்பணம் இனி 2,000 ரூபாய், பொருள் காய்ந்து சோதித்தபின் புதன்கிழமை திருப்பித் தரப்படும். பழைய வாடிக்கையாளர்கள் அடுத்த மாத இறுதிவரை பழைய வாடகையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். எங்கள் மூத்த வழிகாட்டி நிரந்தர வேலை கிடைத்து விலகிவிட்டார். சம்பளத் தகராறு என்று சிலர் பேசுவது உண்மையல்ல; அவரை மாலை போட்டுத்தான் அனுப்பினோம். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைக்கு அவரோடு போனவர்களுக்கு நினைவிருக்கும். கூழாங்கற்கள் பதிந்த அந்தப் பெரிய பாறைக்குக் கீழே போய்ச் சேர்ந்ததும், யாரையும் வாய் திறக்கவிடாமல் முதலில் அண்ணாந்து கூரையில் தொங்கும் மலைத்தேனீ அடைகளைப் பார்ப்பார். அவை அமைதியாக இருந்தால்தான் தலையை அசைத்து உள்ளே விடுவார். பீடி, சென்ட், உரத்த சிரிப்பு எதுவும் கூடாது. கற்கால மனிதர்கள் தங்கிய இடத்தைக் காட்டுவதில் அவருக்கு இருந்த பக்தியை இனி வருபவருக்குக் கற்றுக்கொடுக்க நாளாகும்.

அதனால் ஆந்திராவின் நந்தியால் மாவட்டத்துப் பேலம் குகைப் பயணத்தை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தக் குகையில் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. பாதையும் மின்விளக்கும் உண்டு. அப்படியிருந்தும் மின்சாரம் நின்றால் கை தெரியாத இருட்டு. குகையின் அடியாழத்தில் இருக்கும் பாதாள கங்கை வரை இறங்கி ஏறுவதற்குள் புழுக்கத்தில் சட்டை பிழியலாம். ஒவ்வொருவர் கையிலும் மாற்று விளக்கு இருக்கிறதா, மூச்சு வாங்குபவர் யார் என்று பார்த்துக்கொண்டே நடக்கும் ஆள் இல்லாமல் உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

காட்டுக்குள் இரவு தங்க ஏற்பாடு செய்து தரும்படி இன்னும் சிலர் கேட்கிறீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததை மறந்துவிட்டு அப்படி ஒரு வேலையை நாங்கள் செய்யமாட்டோம். பகலில் வனத்துறை அனுமதித்த பாதையில் முன்பதிவு செய்து நடங்கள், இரவில் பட்டா நிலத்துத் தோட்டத்தில் தங்குங்கள். கோடையில் தீ அபாயம் கருதிப் பாதைகளை மூடினால் அந்த வாரம் ஊரிலேயே இருப்போம்.

அந்தப் படம் பரவிய நாளிலிருந்து, கேட்காமலேயே எங்களுக்காகப் பேசியவர்கள் பலர். "கொட்டும் மழையில் இவர்கள் கூடாரத்தில்தான் தூங்கினோம்" என்று பழைய படங்களைத் தேடிப்பிடித்துப் போட்டீர்கள். கல்லூரிக் காலத்தில் நண்பர்களோடு வந்து, இன்று குழந்தைகளைத் தோளில் சுமந்து வரும் அண்ணன்கள், ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து சாமை அரிசி வாங்கிவந்து கடையில் வைத்துவிட்டுப் போகும் அக்காக்கள், உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அந்தப் படத்தை எடுத்த தம்பிகளையும் அழைக்கிறேன். ஒரு மாலை கடைக்கு வாருங்கள், அதே கூடாரத்தை உங்கள் கையாலேயே அடித்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் அன்று கொடுத்த முழு வாடகையையும் திருப்பித் தருகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் கடை இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். கூட்டம் சேருவதற்குள், ஆறு மணிக்கு முன்னால் வந்தால் கூடாரத்தை மாடியில் விரித்து, காற்றுவழி எங்கே, முளை எப்படி என்று நிதானமாகக் காட்டித் தர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்,
வேலூர்