ஞாயிறு ரிவெட் வேலை: கருவிகளைத் தயார் செய்யுங்கள்

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்குப் பட்டறையில் விமான இறக்கையின் அலுமினியத் தகடுகளுக்கு ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடிக்கத் தொடங்குகிறோம். அதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

1. டிரில் பிட்: 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண், 1/8-க்கு 30-ஆம் எண். மழுங்கியது வேண்டாம். துளை சரியான வட்டமாக வராது, பிசிறும் அதிகம்.

2. கிளீக்கோ (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் கவ்வி): வெள்ளி நிறம் 3/32-க்கு, செம்பு நிறம் 1/8-க்கு. தனித்தனி டப்பாவில்.

3. இரும்பைத் தேய்த்த அரத்தை அலுமினியத்தில் வைக்கவே கூடாது. பல்லில் ஒட்டிய இரும்புத் துகள் தகட்டில் பதிந்தால், பின்னாளில் அங்கேதான் அரிப்பு தொடங்கும். அலுமினியத்துக்கென்றே ஓர் அரம் வாங்கி, பிடியில் பெயின்ட் அடித்து வையுங்கள். தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

4. பக்கிங் பாரின் (ரிவெட் அடிக்கும்போது அதன் மறுமுனையில் பிடிக்கும் இரும்புக் கட்டி) முகம் வழவழப்பாக இருக்கட்டும். அதிலுள்ள கீறல் ரிவெட்டில் அப்படியே பதியும்.

5. ரிவெட் கன்னின் காற்று நுழையும் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய். அப்புறம், கம்ப்ரசர் தொட்டியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். புதிதாக வாங்குபவர்களுக்கு 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் அளவு (எண் கூடினால் அடியின் வலு கூடும்) கன் போதும்.

6. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம்.

வருபவர்கள் கொண்டுவரும் கருவிகளையும் சேர்த்து வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். ஏதாவது இரவல் வேண்டுமென்றாலும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.