வெறும் கிலோபாஸ்கல் போதாது: தைராய்டு ஸ்கேன் எடுக்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரேடியாலஜி மருத்துவர்களுக்கு,

வணக்கம். கழுத்துக் கட்டியோடு வருகிறவர்களின் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் எலாஸ்டோகிராஃபி (கட்டி எவ்வளவு கெட்டி என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கும் முறை) என்று ஒரு வரி இருக்கிறது. "40 கிலோபாஸ்கல்" என்று கெட்டித்தன்மைக்கு ஒரு எண், அதோடு சரி. ஆய்வுகளில் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டிய எல்லையாக ஒருவர் 35-ஐ ஒட்டிச் சொல்கிறார், இன்னொருவர் 65 என்கிறார். இந்த 40-ஐ வைத்து நான் என்ன முடிவெடுப்பது? எந்த மெஷின், எந்த முறை, எப்படி அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதித் தாருங்கள்.

உங்களுக்குத் தெரியாததல்ல. கழுத்தில் வைக்கும் புரோபைச் சற்று அழுத்தினாலே மெத்தென்ற கட்டியும் கெட்டியாகக் காட்டும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, கையின் பாரம் இறங்காமல், மூச்சை நிறுத்தச் சொல்லி, படத்தில் கெட்டித்தன்மையைக் காட்டும் நிறம் நிலைத்த பிறகு எடுத்தால் ஒரு எண் வரும். வெளியே கூட்டம் காத்திருக்கும் மாலையில் வேறு எண் வரும். பக்கத்திலேயே கரோட்டிட் தமனி துடிக்கிறது. அந்தத் துடிப்பு குறுக்குவாட்டில் பார்க்கும்போது, அழுத்தத்தில் திசு எவ்வளவு நசுங்குகிறது என்று காட்டும் ஸ்ட்ரெயின் படத்தைக் குழப்பும். நெடுக்குவாட்டில் அவ்வளவு தொல்லை இல்லை.

ஸ்ட்ரெயின் விகிதம் இன்னும் வழுக்கலான சமாச்சாரம். சுற்றியுள்ள சுரப்பியோடு ஒப்பிட்டுத்தானே அதைச் சொல்கிறோம்? ஹாஷிமோட்டோ எனும் தைராய்டு அழற்சி இருந்தால் சுரப்பியே கெட்டித்திருக்கும். விகிதம் இறங்கி, கெட்ட கட்டியும் சாதுவாகத் தெரியும். ஹாஷிமோட்டோ நம் ஊரில் அரிதா என்ன? கழுத்துத் தசையோடு ஒப்பிட்டிருந்தால் அதையாவது சொல்லுங்கள்.

சுண்ணாம்பு படிந்த சாதாரணக் கட்டி கல்லாகக் காட்டும். கெட்டித்தன்மையை அளக்கப் பயன்படும் ஷியர் அலை, நீர் நிறைந்த இடத்தில் செல்லாது. மூச்சுக்குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் இஸ்த்மஸ் (தைராய்டின் இரு மடல்களை இணைக்கும் பகுதி) கட்டியையும், மிகப் பெரிய கட்டியையும் நம்பி அளப்பது கடினம். அப்படிப்பட்ட இடத்தில் "அளவு நம்பத்தக்கதல்ல" என்று எழுதினால் யாரும் குறையாக நினைக்க மாட்டோம்.

எனக்கு அதிகம் பயம் தருவது "மிருது" என்ற சொல்தான். பாப்பில்லரி வகைத் தைராய்டு புற்று பெரும்பாலும் கெட்டி. ஃபாலிகுலர் வகைப் புற்று மிருதுவாகவே இருக்கக்கூடும். எந்தக் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை தேவை என்று கணிக்க 2017-இல் வந்த ஏசிஆர் டைராட்ஸ் மதிப்பெண்ணில் கெட்டித்தன்மைக்கு இடமே இல்லை. ஆகவே "மிருது, ஊசிப் பரிசோதனை தேவையில்லை" என்று முடிக்காதீர்கள். நிறத்தின் பொருளையும் படத்தின் கீழே போடுங்கள்: ஒரு மெஷினில் சிவப்பு கெட்டி, இன்னொன்றில் நீலம் கெட்டி. இரண்டு சென்டரின் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டி மாறிவிட்டதென்று கலங்கி வருகிறார்கள்.

டெம்ப்ளேட்டில் இடம் போதாதென்றால், எல்லா ரிப்போர்ட்டிலும் ரத்த ஓட்டம் பற்றி மாறாமல் வரும் அந்த டாப்ளர் வாக்கியத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தைராய்டு நோயாளிகளைப் பார்க்கும் ஒரு மருத்துவர்