பழைய ஏ.சி. வாயு எங்கே போகிறது?

ஐயா,

புவி வெப்பத்தை அதிகம் கூட்டாத குளிரூட்டி வாயுக்களுக்கு மாற வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். ஆர்-32, ஆர்-290 நிரப்பிய புதிய ஏ.சி.க்களைப் பற்றிப் பேசும் அது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவற்றை விட்டுவிட்டது. பழைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-22 வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், புவியைச் சூடாக்குவதில் அது சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இன்னொரு ஏ.சி. வாயுவான ஆர்-410ஏ 2,000ஐயும் தாண்டும். வண்ணாரப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பழைய ஏ.சி.யைக் கழற்ற வந்த மெக்கானிக், செப்புக் குழாயின் நட்டைத் தளர்த்தி, மிச்ச வாயுவை மொட்டை மாடியிலேயே 'புஸ்' என்று திறந்துவிட்டார். குழாய் முனையில் வெள்ளையாகப் பனி படிந்தது. கேட்டதற்கு, "பிடிச்சு வைக்கிற மெஷின் நமக்குக் கட்டுப்படியாகுமா சார்?" என்றார். நியாயமான கேள்விதான்.

இத்தகைய வாயுக்களைக் குறைப்பதற்கான உலக நாடுகளின் உடன்பாடான கிகாலி திருத்தத்தை 2021இல் ஏற்ற இந்தியா, ஆர்-410ஏ போன்ற எச்.எஃப்.சி. வகை வாயுக்களைக் குறைக்கத் தொடங்குவது 2032இல்தான். அதுவரை காத்திராமல், வாயு மீட்பு இயந்திரங்களை மாநகராட்சி மண்டல அலுவலகங்களில் வைத்துக் குறைந்த வாடகைக்குத் தரலாம். ஒப்படைக்கும் வாயுவுக்குக் கிலோ கணக்கில் பணமும் கொடுக்கலாம். ஆர்-290 தீப்பற்றக்கூடியது என்பதால், அதைக் கையாளும் பயிற்சியையும் அங்கேயே அளிப்பது நல்லது.

- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை