பாம்பன் பள்ளியைப் பனாமாவுக்கு அனுப்பியது யார்?

பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் தலைமையாசிரியர் அம்மாவுக்கும் வணக்கம்.

படகுகளுக்கு ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ் பழுது பார்க்கிறவன் நான். வானவியல் படித்தவன் இல்லை. போன கூட்டத்தில் பள்ளியின் கம்ப்யூட்டர் தொலைநோக்கியை (ரிமோட்டில் நட்சத்திரத்தின் பெயரைக் கேட்டால் தானே அதன் பக்கம் திரும்புகிற கருவி) பழுதடைந்த பொருள்கள் பட்டியலில் சேர்த்து, ஏலத்தில் விடலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். "சொன்ன இடத்துக்குத் திரும்புவதில்லை, மதர்போர்டு போய்விட்டது" என்று காரணமும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் திறந்து பார்க்கக் கூப்பிட்டதே என்னைத்தான். நான் பார்த்ததை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் எல்லோருக்கும் தெரிய எழுதுகிறேன்.

மதர்போர்டு நன்றாக இருக்கிறது.

மாசி மாதம், பிப்ரவரி கடைசி வாரம், இரவு ஏழரை மணி இருக்கும். அறிவியல் ஆசிரியரும் ஐந்தாறு பிள்ளைகளும் மைதானத்தில் தொலைநோக்கியை நிறுத்தியிருந்தார்கள். தென்கிழக்கே சிரியஸ் நட்சத்திரம் ஜொலிக்கிறது. ரிமோட்டில் சிரியஸ் கேட்டால், "தொடுவானத்துக்குக் கீழே உள்ளது" என்று பதில் வருகிறது. திசையைச் சரிபார்த்துக்கொள்ள அதுவாகவே தேர்ந்தெடுத்த முதல் நட்சத்திரம் அல்டேர், அதாவது நம் திருவோணம். குழாய் நிமிர்ந்து கிட்டத்தட்ட உச்சிக்குப் போய் நின்றது. அங்கே பக்கத்தில் பளிச்சென்று ஒன்று இருந்தது. ஆசிரியர் அதை நடுவில் கொண்டுவந்து பொத்தானை அமுக்கப் போனார்.

எட்டாம் வகுப்புப் பாப்பா ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது. "மாமா, திருவோணம் வெள்ளையா இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு. இது செவப்பா இருக்கே?"

அது திருவாதிரை. மாசி மாதத்தில் திருவோணம் விடியலுக்கு முன்னால்தான் கிழக்கே எழும். முன்னிரவில் அதைத் தலைக்கு மேல் தேடுகிற கருவி வேறு ஏதோ ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. சரி, ஊர் எது என்று பார்ப்போம் என்று ரிமோட்டில் இடத்தைத் திறந்தேன்.

வடக்கு 9 டிகிரி 28 நிமிடம் என்று இருந்தது. செல்போனில் 9.28 என்று பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்கள். 9.28 என்பது 9 டிகிரி 17 நிமிடம். டிகிரிக்கு 60 நிமிடம் அல்லவா? கடலில் இந்தத் தப்பைச் செய்தால் 11 கடல் மைல், 20 கிலோமீட்டர் தள்ளிப் போய்த்தான் வலையைத் தேட வேண்டும். ஆனால் வானத்தில் 11 நிமிடம் என்பது நிலாவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஊரையே மாற்றுகிற தப்பு இல்லை அது. அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. 79 டிகிரி போட்டிருந்தார்கள், பக்கத்தில் கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு. அமெரிக்காக் கண்டத்துக்காரருக்கு வசதியாக வாங்கும்போதே மேற்கு என்று வைத்து அனுப்புகிறார்கள் போலிருக்கிறது. அதை யாரும் மாற்றவில்லை.

வீட்டுக்கு வந்து வரைபடத்தில் பார்த்தேன். 9 டிகிரி வடக்கு, 79 டிகிரி மேற்கு: பனாமா நாடு. கால்வாய்க்குக் கொஞ்சம் கிழக்கே. பாம்பன் கால்வாய்க் கரையில் நிற்கிற பள்ளியை நாம் பனாமா கால்வாய்ப் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறோம்! நமக்கு இரவு ஏழரை என்றால் அங்கே காலை ஒன்பது. பகல் வெளிச்சத்துக்குப் பின்னால் அங்கே உச்சியை ஒட்டி நிற்பது திருவோணம். ஆகவே கருவி பொய் சொல்லவில்லை. நாம் சொன்ன பொய்யை நம்பி ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறது.

கிழக்கு என்று மாற்றி, 9 டிகிரி 17 நிமிடம், 79 டிகிரி 12 நிமிடம் என்று போட்டேன். கருவி சிரியஸிடம் போனது, அப்புறம் வடக்கே கபெல்லா நட்சத்திரத்திடம். இரண்டையும் நடுவில் நிறுத்தி உறுதி செய்துவிட்டு ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தைக் கேட்டோம். புகை படிந்த கண்ணாடி மாதிரி ஒரு வெளிச்சம், நடுவில் நெருக்கிப் போட்ட சின்னச் சின்ன நட்சத்திரங்கள். பிள்ளைகள் வரிசையை மறந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம், மார்ச் 4 அன்று, மறுபடியும் தப்பாகத் திரும்பியது. "பார்த்தீங்களா, நான் சொல்லல?" என்று குழுவில் ஒருவர் சொன்னது அந்த இரவை வைத்துத்தான். அன்று தேதியை 04/03 என்று அடித்திருந்தார்கள். அந்த ரிமோட் மாதத்தை முதலில் கேட்கிறது, ஆகவே அதற்கு அது ஏப்ரல் 3. வானம் நாளுக்கு ஒரு டிகிரி நகர்கிறது. முப்பது நாளுக்கு முப்பது டிகிரி. 12ஆம் தேதி வரைக்கும்தான் இந்தக் குழப்பம் வரும், அதற்கு மேல் பதின்மூன்றாம் மாதம் ஏது என்று கருவியே மறுத்துவிடும். சில நாள் சரியாகவும் சில நாள் கிறுக்காகவும் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கோடைக்கால நேரமா (சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள்) என்று ரிமோட் கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கு அது கிடையாது, ஆமாம் என்றால் ஒரு மணி நேரம், 15 டிகிரி போச்சு.

மற்றவை கருவி ஓடுகிற விதத்தைப் பற்றியவை. எட்டுப் பென்சில் பேட்டரியில் ஓட்டுகிறீர்கள். மோட்டார் வேகமாகச் சுற்றும்போது மின்னழுத்தம் இறங்கி, ரிமோட் மங்கி, பாதி வழியில் நினைவு தப்புகிறது. நான் கொண்டுவந்த 12 வோல்ட் பேட்டரியில் அந்தத் தொல்லை இல்லை (மாட்டும் முன் பிளஸ், மைனஸை மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்). ரிமோட் வயரின் முனையில் களிம்பு பிடித்திருந்தது. உப்புக்காற்றில் எல்லாப் படகிலும் பார்க்கிறதுதான். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். முக்காலியை மணலில் நிறுத்தாதீர்கள், பிள்ளைகள் சுற்றி நடக்க நடக்க ஒரு கால் இறங்குகிறது. கொடிமேடை சிமெண்டு போதும்.

பல்சக்கரத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பழைய சுக்கானைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றிவிட்டுத்தான் பிடிக்கும் இல்லையா, அது மாதிரி. அதனால் நட்சத்திரத்தை நடுவில் கொண்டுவரும்போது கடைசி அசைவு எப்போதும் மேல் பொத்தானிலும் வலப் பொத்தானிலும் முடியட்டும். இதை எந்தப் பெரியவருக்கும் புரிய வைக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள்.

வழிகாட்டிப் புத்தகம் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் தொடங்கச் சொல்கிறது. நமக்கு அது தொடுவானத்திலிருந்து 9 டிகிரி உயரத்தில், வடகடல் மூட்டத்துக்குள் கிடக்கிறது. தேடி அலைய வேண்டாம், வடக்கைத் திசைகாட்டியில் பார்த்தால் போதும். வடக்கே நமக்குக் குறைகிறது தெற்கே கிடைக்கிறது. அகத்தியர் நட்சத்திரம் நம் ஊரில் 28 டிகிரி உயரம் வரை வரும். சித்திரை, வைகாசியில் தென்கடல் மேல் தெற்குச் சிலுவை நிற்கும். 2010 ஜனவரி 15 கங்கண சூரிய கிரகணத்தன்று தனுஷ்கோடி மணலில் எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் தொலைநோக்கி வைத்து நின்றார்கள். நம்மிடம் அன்று ஒன்றுகூட இல்லை. இன்று இருக்கிற ஒன்றை ஏலம் போடுகிறோம்.

நான் கேட்பது மூன்று. தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். அலமாரிச் சாவியை அலுவலகத்தில் பூட்டாமல் அறிவியல் ஆசிரியரிடம் கொடுங்கள். ஒரு 12 வோல்ட் பேட்டரி வாங்குங்கள். அதற்கும் மனசில்லை என்றால் என்னுடையது இருக்கட்டும்.

இடம், தேதி வரிசை, நேரம் எல்லாவற்றையும் அந்த எட்டாம் வகுப்புப் பாப்பா ஒரு அட்டையில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டியிருக்கிறது. "கிழக்கு" என்பதற்கு அடியில் மூன்று கோடு. ஏலத்தில் எடுக்கப் போகிறவரிடம் அந்த அட்டையைக் கிழிக்காமல் கொடுக்கப் போகிறீர்களா, இல்லை வரும் சனிக்கிழமை ஏழு மணிக்கு அலமாரியைத் திறந்து வைக்கப் போகிறீர்களா? நான் பேட்டரியோடு வருகிறேன்.